சுட்ட கறிக்குத் தடவும் பொடி: எல்லாம் நம்ம கொல்லையிலேயே இருக்கு

போன வருசம் மே மாசம், பள்ளிக்கூட லீவுக்கு மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் பெங்களூரில் இருந்து வந்திருந்தார்கள். வண்டியில் ஒரு கரி அடுப்பு. கூடவே ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. "அப்பா, இந்தத் தடவை கொல்லையிலயே கோழி சுட்டுச் சாப்பிடுறோம். நீங்களும் அம்மாவும் சும்மா உக்காருங்க"ன்னு மகள் சொல்லிவிட்டாள். புட்டியில் இருந்த பொடியைக் கறியில் தடவி, ஊறவைத்து, கரியில் சுட வேண்டும். இங்கிலீசில் அதற்கு 'ரப்' என்று பேர். நாங்கள் வீட்டில் 'தடவுபொடி' என்று சொல்லப் பழகிவிட்டோம். இந்தக் கட்டுரையிலும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

34 வருசம் வங்கியில் வேலை பார்த்தவன். எந்தக் காகிதம் கையில் வந்தாலும் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்காமல் விடமாட்டேன். புட்டியையும் திருப்பிப் பார்த்தேன். எடை 150 கிராம். விலை 320 ரூபாய். சேர்மானப் பட்டியலில் முதலில் உப்பு, அடுத்து சர்க்கரை, அப்புறம் மிளகாய்த் தூள், வெங்காயத் தூள், பூண்டுத் தூள், தனியா, மிளகு. கடைசியில் கட்டி பிடிக்காமல் இருக்க 551, ருசி கூட்ட 627, 631, புகை மணம்.

'வெங்காயத் தூள்' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. எங்கள் காடு செட்டிகுளம் பக்கம். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பூமி. தை மாசம் அறுத்த வெங்காயத்தை வியாபாரி கிலோ 14 ரூபாய்க்குக் கேட்டார். கொடுக்க மனசு வராமல் பட்டறை போட்டு வைத்தேன். சித்திரையில் பிரித்தால் நாலில் ஒரு பங்கு அழுகலும் முளைப்பும். அந்த வாரம்தான் இந்தப் புட்டி வந்தது. வேலையில் இருந்த காலத்தில், வெங்காயப் பயிர் என்றால் ஏக்கருக்கு இவ்வளவு கடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அழுகினால் என்ன செய்வது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

பட்டியலில் முன்னால் இருப்பதுதான் எடையில் அதிகம் என்பது லேபிள் விதி. அப்படியென்றால் நாம் காசு கொடுப்பதில் பெரும்பங்கு உப்புக்கும் சர்க்கரைக்கும். மீதி இருக்கிற மிளகாய், தனியா, வெங்காயம் மூன்றும் பெரம்பலூர், அரியலூர் கரிசல் காட்டுக்குத் தெரியாத பயிரா? அறுத்த களத்திலேயே மூட்டையாக விற்றுவிட்டு, அதையே பொடியாக 150 கிராம் வாங்குகிறோம். அன்றைக்கே வீட்டில் சொன்னேன்: அடுத்த தடவை பிள்ளைகள் வரும்போது நம்ம பொடிதான். அது கைகூட எட்டு மாசம் ஆனது. நடுவில் ஒரு தடவை நன்றாக அடிபட்டேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இது எங்கிருந்து வந்தது?

'பார்பிக்யூ' என்ற சொல் கரீபியன் தீவுகளின் பழங்குடி மக்களிடம் இருந்து ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்ட 'பார்பகோவா' என்ற சொல்லில் இருந்து வந்தது. கம்புகளை நட்டு, மேலே தட்டி கட்டிய பரண் என்று பொருள். அந்தப் பரணில் கறியை வைத்து அடியில் தீ மூட்டுவார்கள். நம்ம வெங்காயப் பட்டறையும் தரையில் இருந்து தூக்கிக் கட்டிய பரண்தானே. அங்கே சூடு மேலே ஏற வேண்டும், இங்கே காற்று உள்ளே புக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் ஊருக்கு ஒரு பொடி. டெக்சாஸ் பக்கம் மாட்டுக்கறிக்கு உப்பும் மிளகும் மட்டுமே போதும் என்பவர்கள் அதிகம். மெம்பிஸ் நகரத்தில் பன்றி விலாவுக்கு மிளகாய், பூண்டு, வெங்காயம் எல்லாம் சேர்த்த உலர் பொடி பிரபலம். கறியைத் தீயில் சுடுவது நமக்கும் புதுசு கிடையாது. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறி விருந்து வருகிறது. அன்றைக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகே இங்கே வேரூன்றியது. மிளகு மாதிரி காரமாக இருந்த காய் என்பதால் மிளகாய் என்று பேர் வந்தது. ஆக, அவர்கள் மிளகாய் நம்மிடமும் நம்ம மிளகு அவர்களிடமும் போய்ச் சேர்ந்து 400 வருசத்துக்கு மேலாகிறது.

முதலில் வெங்காயத்தைக் காயவைக்க வேண்டும்

தடவுபொடிக்குப் பச்சை வெங்காயம் ஆகாது. ஈரம் இருந்தால் கறி சுடுவதற்குப் பதில் வேகும். அரைத்துத் தடவிய வெங்காய விழுது கறி வேகும் முன்னாடியே கருகியும் போகும். தூளாக இருந்தால் கறியோடு ஒட்டிக்கொண்டு ஒரு மேல்தோல் மாதிரி பிடிக்கும்.

நாங்கள் செய்யும் முறை இது. பட்டறையில் இருந்து எடுத்த வெங்காயத்தில் அழுகல், முளைத்தது, கருப்புத் தூள் படிந்தது எல்லாவற்றையும் கழித்துவிடுங்க. நல்லதை ஒரு மணி நேரம் வெயிலில் கொட்டினால் மேல்தோல் வெடிக்கும். சாக்கில் போட்டு உருட்டித் தேய்த்தால் பாதித் தோல் வந்துவிடும். மீதியைக் கையால் உரிக்க வேண்டியதுதான். தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தால் சுலபம்தான். ஆனால் காயவைக்க வேண்டிய பொருளில் நாமே தண்ணீரை ஏற்றக்கூடாது.

உரித்ததை ஒரே கனத்தில், மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வட்டமாக நறுக்குங்க. கனம் மாறினால் மெல்லியது கருகும், தடித்தது உள்ளே ஈரமாக நிற்கும். மரச்சட்டத்தில் நைலான் வலையை இழுத்துக் கட்டி, தரையில் இருந்து இரண்டடி உயரத்தில் வைத்து, அதன்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்க. மேலே வெள்ளை மல்லுத் துணி ஒன்று. ஈ, தூசி இரண்டும் தடுக்கும். சாயங்காலம் 5 மணிக்கு முன்னால் உள்ளே எடுத்துவிட வேண்டும். பகல் பூராவும் காய்ந்தது ஒரு ராத்திரிப் பனியில் ஈரம் குடித்துவிடும்.

வைகாசி வெயிலில் மூன்று நாள் பிடித்தது. துண்டை எடுத்து வளைத்தால் வளையக்கூடாது. அப்பளம் மாதிரி படக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் காய்ச்சல் பத்தலை என்று அர்த்தம். எங்கள் நோட்டில் இருக்கிற கணக்கு: 10 கிலோ வெங்காயம், உரித்தபின் எட்டரை கிலோ, காய்ந்தபின் ஒண்ணேகால் கிலோ. ஒரு மூட்டை வெங்காயம் ஒரு தூக்குவாளிக்குள் அடங்கிவிடுகிறது. அதன்பின் அதற்குப் பட்டறையும் வேண்டாம், காவலும் வேண்டாம்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னாடி

முதல் ஈடு நன்றாக வந்த தைரியத்தில், ஐப்பசியில் இரண்டாவது ஈடு போட்டேன். தீபாவளிக்கு மகள் குடும்பம், சம்பந்தி வீட்டார் எல்லாருமாக 20 பேர் வருவதாக ஏற்பாடு. வெங்காயத்தோடு எங்கள் காட்டு மிளகாய்ப் பழமும் இரண்டு கிலோ வற்றல் தேறுமளவுக்கு மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் தூறலும் மூட்டமும். ராத்திரி உள்ளே எடுப்பது, காலையில் பரப்புவது, திரும்ப அள்ளுவது. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. பார்த்தால் வெங்காயத் துண்டின் ஓரத்தில் கருப்பு. மிளகாயைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூசணம். வெளித்தோல் மட்டும் பளபளவென்று சிவப்பு.

பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நல்லா வறுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும் சார். கடையில வாங்குறது மட்டும் என்ன யோக்கியமா?" என்றார். எனக்கும் அந்த நப்பாசை இருந்தது. அரைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணமும் ஒரு நிமிசம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. வீட்டில்தான் உறுதியாக நின்றார்கள். "உங்க பேத்திக்கு நீங்களே ஊட்டுவீங்கன்னா அரைக்கிறேன்" என்றாள் என் மனைவி. அதற்குமேல் பேச என்ன இருக்கு?

அவள் சொன்னதுதான் சரி. மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளம் இவற்றில் ஈரம் நின்றால் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கக்கூடிய, புற்றுநோய் தரக்கூடிய நஞ்சு. வறுத்தால் பூஞ்சை சாகும், நஞ்சு சாகாது. அடுப்பில் நாம் கொடுக்கிற சூட்டுக்கு அது முழுசாக அழியாது. மசாலாப் பொருளில் இது கிலோவுக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. மிளகாய்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு இன்னும் கடுமை, 10 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரிகிற அளவு பூசணம் பிடித்ததை அளந்து பார்க்கத் தேவையே இல்லை. வெங்காயத்தில் வருவது வேறு வகைக் கருப்புப் பூஞ்சை. அதையும் கழிப்பதே நல்லது.

எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தேன். மாட்டுக்கோ கோழிக்கோ போடாதீங்க. தீவனம் வழியாகப் பாலிலும் அந்த நஞ்சு வரும். தீபாவளிக்கு வந்தவர்களுக்கு வழக்கமான கறிக்குழம்புதான். வெங்காயம், மிளகாய், கூலி எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய் நட்டம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பெரம்பலூரில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போய் சூரிய உலர்த்தி பற்றி விசாரித்தேன். பசுமைக்குடில் மாதிரி ஒளி புகும் கூரை, உள்ளே தட்டுகள், ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி. மானியம் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்குத் தனியாகப் போடுவது கட்டாது; நாலைந்து பேர் சேர்ந்தால் கட்டும். எங்கள் ஊரில் இப்போது அப்படி ஒரு குழு பேசிக்கொண்டிருக்கிறோம். அதுவரை என் விதி எளிது: ஐப்பசி, கார்த்திகையில் எதையும் காயப்போடுவதில்லை. மாசி முதல் வைகாசி வரை காயவைத்து, வருசத்துக்கும் எடுத்து வைப்பது.

பொடிக்கான அளவு

மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்து கடைசியில் நின்ற அளவு இது. மொத்தம் 450 கிராம்:

தனியா 120 கிராம்
வற்றல் மிளகாய் 100 கிராம்
சின்ன வெங்காயத் தூள் 60 கிராம்
மிளகு 40 கிராம்
சீரகம் 30 கிராம்
பூண்டுத் தூள் 30 கிராம்
சோம்பு 20 கிராம்
மஞ்சள் தூள் 15 கிராம்
சுக்கு 15 கிராம்
காய்ந்த கறிவேப்பிலை 10 கிராம்
பட்டை 6 கிராம்
கிராம்பு 4 கிராம்

பூண்டையும் வெங்காயம் மாதிரியே சீவிக் காயவைத்துக்கொள்ளலாம். மிளகு நமக்குக் கொல்லிமலையில் இருந்தே கிடைக்கும். காரம் குறைவாக வேண்டுமென்றால் மிளகாயை 70 கிராமாகக் குறைத்து, அந்த 30 கிராமைத் தனியாவில் கூட்டுங்க. காம்பு கிள்ளி, விதையில் பாதியை உதிர்த்துவிட்டாலும் குழந்தைகளுக்குத் தாங்கும்.

தனியா, மிளகு, சீரகம், சோம்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எண்ணெய் இல்லாமல், சிறுதீயில் மணம் வரும்வரை வறுக்கணும். ஒன்றாகப் போட்டால் சீரகம் கருகும்போது தனியா பச்சையாகவே இருக்கும். மிளகாயோடு நாலு கல் உப்புப் போட்டு வறுத்தால் நெடி குறையும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வெங்காயம், பூண்டு, மஞ்சள் மூன்றையும் வறுக்கக் கூடாது. அவை கரியில் கறியோடு சேர்ந்து சிவக்க வேண்டியவை. இங்கேயே வறுத்துவிட்டால் அங்கே கசக்கும்.

மில்லில் அரைப்பதாக இருந்தால் காலையில் முதல் ஆளாகப் போங்க. நமக்கு முன்னால் யார் எதை அரைத்தார்கள் என்பது முக்கியம். முதலில் தனியாவைக் கொஞ்சம் ஓட்டி, அதைத் தனியாக எடுத்துவிட்டு அப்புறம் மீதியைப் போடச் சொல்லுங்க. அரைத்து வந்ததும் சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது. காகிதத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அடைக்கணும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும். அந்தச் சொட்டு ஈரம் போதும், பூசணம் வர.

உப்பையும் நாட்டுச்சர்க்கரையையும் பொடியில் கலந்து வைக்காதீங்க. என் முதல் தவறு அதுதான். புட்டியைப் பார்த்து நானும் கலந்தேன். பத்தே நாளில் பொடி செங்கல் மாதிரி இறுகிவிட்டது. உப்பும் நாட்டுச்சர்க்கரையும் காற்றின் ஈரத்தை இழுக்கும், வெங்காயத் தூளும் இழுக்கும். கடைக்காரர் அதற்குத்தான் 551 என்ற சிலிக்கா சேர்க்கிறார். அது அனுமதிக்கப்பட்ட பொருள்தான், நமக்குத் தேவைப்படாது. சின்னத் துணியில் ஒரு பிடி வறுத்த அரிசியைக் கட்டி டப்பாவுக்குள் போட்டால் போதும். முந்திரிக் குருணையை அரைத்துச் சேர்க்கலாமா என்று மைத்துனர் கேட்டார். எண்ணெய்ச் சத்து உள்ளது, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். வேண்டுமானால் அன்றன்றைக்கு அரைத்துச் சேர்க்கலாம். பொடியை மூன்று மாசத்துக்குள் தீர்க்கிற அளவுக்கு மட்டும் செய்யுங்க.

புகை மணத்தையும் சேர்க்காதீங்க. கரியில் சுடுகிற கறிக்குப் புகை மணப் பொடி எதற்கு? இப்படிப்பட்ட புகை மணப் பொருட்களில் எட்டு வகைக்கு அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது.

தடவுவதும் சுடுவதும்

ஒரு கிலோ கறிக்குப் பொடி 30 கிராம், உப்பு 12 கிராம். முதலில் கறியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்க. உப்பைத் தடவி அரை மணி வைத்தால் கறியில் இருந்து நீர் கசியும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அந்த உப்பு நீரையே கறி திரும்பக் குடிக்கும். அப்போதுதான் உள்வரை உப்புச் சாரும். அப்புறம் இரண்டு கரண்டி செக்குக் கடலெண்ணெய், அதன்மேல் பொடி. மிளகாயின் காரமும் மசாலாவின் மணமும் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. தடவியதை நாலு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க, குளிர்பெட்டியில் வையுங்க. நம்ம ஊர் வெக்கையில் வெளியே வைக்கக் கூடாது. முற்றின நாட்டுக்கோழிக்கு ஒரு கரண்டி பப்பாளிக்காய் விழுது சேர்த்தால் மெதுவாகும். அதற்கு ஒரு மணி நேரம் போதும். விட்டால் கறி கூழாகிவிடும்.

சர்க்கரைக்கு ஒரு நேரம் உண்டு. முதல் தடவை நாட்டுச்சர்க்கரையையும் சேர்த்துத் தடவிச் சுட்டேன். வெளியே கன்னங்கரேல், உள்ளே பச்சை ரத்தம். பேரன், "தாத்தா, இது கோழியா கரியா?" என்று கேட்டான். சர்க்கரை 160 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறி, அப்புறம் கருகத் தொடங்கும். கரியின் நேர்ச்சூடு அதைவிடப் பல மடங்கு. இப்போது கறி வெந்தபிறகு, கிலோவுக்கு ஒரு கரண்டி நாட்டுச்சர்க்கரையை எலுமிச்சைச் சாற்றில் கரைத்துப் பூசி, இரண்டு நிமிசம் மட்டும் காட்டி எடுக்கிறோம். கறி சிவந்து மணப்பது சர்க்கரையால் மட்டும் வருவதும் இல்லை. கறியின் புரதமும் அதில் இருக்கிற இனிப்பும் 140 டிகிரி வாக்கில் சேர்ந்து செய்கிற வேலை அது. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சுக்காரர் மயார் பெயரில் மயார் வினை என்கிறார்கள். மேல்பக்கம் உலர்ந்திருந்தால்தான் அந்தச் சூடு ஏறும். ஈரத்தை ஒற்றச் சொன்னது அதற்காகத்தான்.

கரி மேலே வெள்ளைச் சாம்பல் பூத்தபிறகே கறியை வைக்கணும். கரியை ஒரு பக்கமாகக் கூட்டி, மறுபக்கத்தைக் காலியாக விடுங்க. முதலில் காலிப் பக்கத்தில் மூடிபோட்டு வேகவிட்டு, கடைசியில் கரிப் பக்கத்துக்கு நகர்த்திச் சிவக்க விடலாம். கொழுப்பு நேராகத் தணலில் சொட்டினால் எழும் புகையில் கெடுதலான பொருட்கள் கறியில் படியும். இந்த முறையில் அது குறையும். கருகிய பாகத்தைச் சுரண்டிப் போட்டுவிடுங்க. கோழி வெந்ததா என்பதற்கு உள்சூடு 74 டிகிரி வரணும். குத்திப் பார்க்கிற வெப்பமானி விலை கம்மிதான். இல்லாவிட்டால் தொடையில் குத்தினால் தெளிந்த நீர் வரணும், ரத்தம் கலந்து வரக்கூடாது.

எரிபொருளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என் மனைவியின் ஊர் அரியலூர் மாவட்டம், ஆண்டிமடம் பக்கம். முந்திரிக் காடு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாளில், அங்கேதான் எல்லாரும் கூடினோம். தீ சீக்கிரம் பிடிக்கட்டும் என்று மைத்துனர் மகன் ஒரு கூடை முந்திரிக்கொட்டை ஓட்டைக் கொட்டிவிட்டான். நல்லவேளை, கறி இன்னும் ஏறவில்லை. புகை கண்ணையும் தொண்டையையும் பிய்த்துவிட்டது. அந்த ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைக் கொப்புளிக்க வைக்கும். பெயின்டுக்கும் வண்டிப் பிரேக்குக்கும் போகிற சரக்கு அது. கொட்டை சுடுகிற ஊர்க்காரர்களுக்கே மறந்துபோகிறது. சாப்பாட்டுக்கு அடியில் அது வரவே கூடாது. அடுப்பைக் காலி செய்து, கழுவி, சீமைக் கருவேலங்கரியில் புதிதாக மூட்டினோம். மணத்துக்கு, மணி உதிர்த்த காய்ந்த மக்காச்சோளக் கதிர்ச்சக்கை நாலு. பெரம்பலூர்க்காரனுக்கு அதற்கா பஞ்சம்? அமெரிக்காவின் வெர்மாண்ட் பக்கம் பன்றித் தொடைக்கறியை இதே சோளச்சக்கைப் புகையில்தான் பதப்படுத்துவார்கள்.

கறி சாப்பிடாதவர்களுக்கும் இந்தப் பொடி வீணாகாது. கீறிய கத்திரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காளான், பால்பிடித்த மக்காச்சோளக் கதிர் எல்லாவற்றுக்கும் எண்ணெயில் குழைத்துத் தடவலாம். அன்றைக்கு முதலில் தீர்ந்தது சோளக்கதிர்தான்.

வரவும் செலவும்

450 கிராம் பொடிக்கு எங்கள் வீட்டுச் செலவு 130 ரூபாய் சொச்சம். பெருமையாக இந்தக் கணக்கைப் படித்துக் காட்டினேன். "என் கூலியை எந்தக் கட்டத்துல எழுதினீங்க?" என்று கேட்டாள் மனைவி. 10 கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து நறுக்க ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுசாகப் போகிறது. வெங்காயத் தூளின் விலையில் பெரிய பங்கு வெங்காயத்துக்கு இல்லை, உரிக்கிற கைக்குத்தான். அதையும், வறுத்த நேரத்தையும், மில் கூலியையும் சேர்த்து எழுதினேன். 180 ரூபாய் வந்தது. அதே 450 கிராம் புட்டியாக வாங்கினால் 960 ரூபாய். அதிலும் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த எடை. எங்கள் 450 கிராம் 15 கிலோ கறிக்கு வரும்.

காசை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒரு நிம்மதி உண்டு. சுமார் 4 கிலோ மிளகாய்ப் பழம் காய்ந்து 1 கிலோ வற்றல் ஆகிறது. பழத்தில் அடித்த மருந்து கழியாமல் நின்றால் அதுவும் சேர்ந்து செறிவாகிறது. பொடியான பிறகு எதையும் கழுவ முடியாது. 2005-இல் பிரிட்டனில் மிளகாய்த் தூளில் சூடான் சாயம் இருந்ததற்காக நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளில் இருந்து திரும்ப எடுத்தார்கள். 2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு இருந்ததாகச் சொல்லி, நம் நாட்டு மசாலாப் பொட்டலங்கள் சிலவற்றை ஹாங்காங்கும் சிங்கப்பூரும் தடுத்து நிறுத்தின. நம்ம காட்டு மிளகாயில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். காய்ச்சலில் மட்டும் ஏமாறாமல் இருந்தால் போதும்.

அக்கம்பக்கத்தில் விற்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். 2011-ஆம் ஆண்டு விதிகளில், வருச விற்றுமுதல் 12 லட்சம் வரை உள்ள சிறு தயாரிப்பாளர்களுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் எளிய பதிவு முறை வைத்தார்கள். குழுவாக உலர்த்தி, அரவை இயந்திரம் போட நினைப்பவர்களுக்கு, 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தில் கடனோடு இணைந்த 35 சதவீத மானியம் வைத்தார்கள். மானியத்தை நம்பி மட்டும் கடன் வாங்காதீங்க. முதலில் ஒரு வருசம் சொந்த அடுப்பில் செய்து, யார் வாங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்க. கடன் கொடுத்த கையால் எழுதுகிறேன். பயிற்சிக்குத் தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. நமக்குப் பக்கம்தான்.

கரிநாள் விருந்து முடிந்து கிளம்பும்போது மகள் பழைய கண்ணாடிப் புட்டியைக் கழுவி எடுத்து வந்தாள். "அம்மா, இதுல நம்ம பொடி போட்டுக் குடு" என்றாள். 150 கிராம் பிடித்தது. லேபிளைக் கிழித்துவிட்டு, அரைத்த தேதியை மட்டும் எழுதி ஒட்டினோம்.

அடுத்த அறுவடையில் எல்லா வெங்காயத்தையும் பொடியாக்குங்கள் என்று சொல்லமாட்டேன். அத்தனையையும் உரிக்க ஆளும் கிடைக்காது, வாங்கவும் ஆள் இல்லை. விலை படுத்த வருசத்தில், பட்டறையை மூடும் முன்னாடி 10 கிலோ மட்டும் ஒதுக்குங்க. மாசி வெயிலில் வலையில் பரப்புங்க. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பாருங்க. படக்கென்று உடைந்தால், வருசம் முழுக்க உங்கள் வீட்டு விருந்துக்குத் தடவுபொடி தயார்.